ஹில்ட்யேயின் முழங்கால்

நெதர்லாந்தின் வடக்கே, எங்கள் ஃப்ரீஸ்லாந்தில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் ஹில்ட்யே எதற்கும் லேசில் சரியென்று சொன்னதில்லை. தேய்ந்துபோன முழங்கால் மூட்டை மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அப்படித்தான்.

"எழுபத்தாறு வயசுல எலும்பு வளர்ந்து உலோகத்தைப் பிடிச்சுக்காதும்மா. எலும்புக்குன்னே இருக்கிற சிமெண்ட் வச்சுத்தான் செயற்கை மூட்டை ஒட்டணும்" என்றார் டாக்டர் போசுமா.

"என் எலும்பைப் பார்த்தீங்களா தம்பி? அறுத்துப் பார்த்துட்டுச் சொல்லுங்க. ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போனா போதும். முழுசா தூங்கினா எனக்குத் தெரியாம சிமெண்டைப் பூசிடுவீங்க!"

ஆபரேஷன் மேசையில் விழித்தபடியே படுத்திருந்தாள். திரைக்கு அப்பால் ரம்பம் ஓய்ந்ததும் டாக்டர் எலும்பை விரலால் அழுத்தினார்.

"பஞ்சு மாதிரி அமுங்குது. சிமெண்ட்தான்."

ஹில்ட்யே திரைக்கு மேலே தலையைத் தூக்கினாள்.

"அது இறுக எவ்வளவு நேரமாகும்?"

"பத்து நிமிஷம்."

"எலும்பு வளர?"

"மாசக்கணக்காகும்."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? பூசுங்க சீக்கிரம். சாயங்காலம் நான் நடந்துதான் வீட்டுக்குப் போவேன்!"