இரண்டு சின்னது, ஒன்று நீளம்

பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எனக்குப் பின்னால் தாசேக் கெலுகோர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம். முன்னால் செம்மண் ரோடு... அது முடிகிற இடத்தில் பஸ், அப்புறம் ஃபெரி, அப்புறம் ஜார்ஜ்டவுன்.

ஏன் நடந்தேன்? அந்தத் தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன் – உங்களுக்குத்தான் தெரியுமே, ஆறு மாதமாக நான் எழுதும் இந்தப் பத்தியில் அதன் புகைதானே! கான்ட்ராக்ட் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அவரிடம் அவருடைய டிரைவர்கள் இருந்தார்கள். லோரியோடு, நான் படுத்திருந்த கொட்டகையும் போனது. இனி ஜார்ஜ்டவுனில் ஏதாவது கடை வாசலில் அட்டை விரித்துப் படுக்க வேண்டும். எனக்கு அது புதிதில்லை.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது.

வந்தது என்றா சொன்னேன்? பக்கவாட்டில் மிதந்தது. மூக்கு மரங்களைப் பார்த்தபடி, கதவு என்னைப் பார்த்தபடி, வளைவு முழுக்க அப்படியே... வேகம்தான். ஆனால் கண்ணுக்கு மெதுவாகத் தெரிந்தது. தூசி பின்னால் வந்து, யோசித்து யோசித்துத் தரையில் இறங்கியது.

கார் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினாள் ஒரு பெண்.

"அண்ணே, நடு ரோட்டுல நின்னு என்னா பார்க்கிறீங்க? சாவறதுக்கு வேற எடம் கெடைக்கலையா?"

"நீ ஓட்டுறது காடியா, சம்பான் படகா தங்கச்சி?"

சிரித்துவிட்டாள். பெயர் புனிதா, பாகான் டாலாம்காரி. அண்ணன் சேகர் ஜுருவில் ரேலி பந்தயக் கார்களுக்கு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். ரிப்பேரான காரை மண் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது இவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் குலை வெட்டு கிடையாது, ஆள் நடமாட்டம் இருக்காது என்று மேனேஜர் அனுமதித்திருக்கிறார். கார்கள் கூடிவிட்டதால் இன்னோர் ஆள் தேடுகிறார்களாம். ஒர்க்‌ஷாப்புக்கு மேலே தங்க ஓர் அறையும் உண்டாம்.

அறை! பையை இறக்கி வைத்தேன்.

"லோரி வேற, இது வேறலா," என்றாள். "நாலு சக்கரமும் இழுக்கிற காடி. மூணு தடவ தரேன். இதே வளைவுல சறுக்கிட்டே போயி நேரா வெளிய வந்துட்டா, நாளைக்கே வேல. இல்லாட்டி பஸ் ஸ்டாப்புல எறக்கி விட்டுர்றேன்."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தோட்டத்து லோரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே என்ன வருகிறது என்று தெரியாத வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்போம், ஹோர்ன் அடிப்போம். ஒவ்வொருவருக்கும் ஒரு தாளம். என்னுடையது – சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. கேட்டவர்கள் ஓரமாக ஒதுங்கிவிடுவார்கள்.

முதல் தடவை... ஸ்டியரிங்கில் நான், பக்கத்தில் அவள். வளைவு வந்தது. கால் தானாக எழுந்தது. கட்டைவிரல் தானாக ஹோர்னை அமுக்கியது. பாம், பாம், பாஆஆம். கார் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போவது போல அடக்கமாகத் திரும்பியது.

"கல்யாண ஊர்வலமா அண்ணே? ஹோர்ன் அடிச்சா காடி சறுக்குமா?"

"பழக்கம் தங்கச்சி."

"வளைவுக்கு முன்னால ஸ்டியரிங்க எதிர்ப்பக்கம் ஒரு தட்டு. ஒடனே உள்பக்கம் ஒடிங்க. பின்பக்கம் வழுக்கும். அப்பத்தான் எண்ணெய் பெடல அமுக்கணும். கால எடுத்தீங்க, காடி வெளிப்பக்கம் ஓடிரும்."

இரண்டாவது தடவை தட்டினேன், ஒடித்தேன். பின்பக்கம் வழுக்கியது. காலை எடுத்தேன். அவள் சொன்னது போலவே கார் வெளிப்பக்கம் ஓடி, லாலாங் புல்லுக்குள் போய் நின்றது. புனிதா பின்சீட்டில் கிடந்த என் பையைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

மூன்றாவது.

தட்டு. ஒடிப்பு. வழுக்கல்... காலை எடுக்கவில்லை. அழுத்தினேன். நாலு சக்கரமும் மண்ணைக் கவ்வ, என் எடை எங்கோ போய்விட்டது. முன்கண்ணாடியில் செம்பனைகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ரோடு பக்கவாட்டு ஜன்னலில் வந்தது. தூக்கத்தில் பறப்போமே, அது போல. எஞ்சின் சத்தம்கூடக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

அந்தக் கனவுக்கு நடுவிலும் கட்டைவிரல் அதன் வேலையைச் செய்தது. பாம், பாம், பாஆஆம்.

வளைவு திறந்தது. வெளிப்பக்க ஓரத்தில், புல்லோடு ஒட்டி, ஒரு மோட்டார் சைக்கிள். பின்னால் மாட்டுக்குப் புல்லுக்கட்டு. காலை எடுத்தால் கார் அங்கேதான் போகும். இன்னும் அழுத்தினேன். ஒரு கை தூரத்தில் அதைக் கடந்து, நேராகி, நின்றோம்.

தோட்டத்தில் குலை வெட்டும் முனியாண்டி. வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"டிரைவரே, நீங்க போயிட்டீங்கன்னு சொன்னாங்க... ஹோர்ன் கேட்டுச்சு. ஐயோ, நம்ம லோரி வருதேன்னு ஒதுங்கினேன். இது என்னா புது லோரி?"

புனிதாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"காலையிலேருந்து இருவது தடவ போயிருப்பேன் அண்ணே," என்றாள் மெல்ல. "ஒரு தடவகூட ஹோர்ன் அடிக்கல."

புதிதாக ஒன்றைக் கற்கப் போனால், பழசை மறந்துவிடு என்கிறார்கள். எதை மறப்பது என்று யாராவது சொல்கிறார்களா? என் கால் மறக்க வேண்டியிருந்தது. கட்டைவிரலும் மறந்திருந்தால்...

அன்று இரவு அறையில் தூங்கினேன். மறுநாள் காலை ஜுருவில் வேலையில் சேர்ந்தேன். டெஸ்ட் டிரைவர்! ஆனால் புனிதாவின் உத்தரவு – முதல் நாள் எந்தக் காரும் ஓட்டக் கூடாது. ஒர்க்‌ஷாப்பில் நின்ற ஏழு கார்களிலும் ஹோர்ன் வேலை செய்கிறதா என்று அடித்துப் பார்க்க வேண்டும். ஏழிலும் கட்டைவிரல் அதே தாளத்தைத்தான் அடித்தது.

தோட்டத்து லோரிகளுக்கு டயர் மாற்றும் பக்கத்துக் கடைக்காரர் ஏழு தடவையும் வெளியே எட்டிப் பார்த்தார் – லோரி எங்கே என்று.