மைதானத்தில் இரண்டு மைக்

துனிசியாவின் தெற்கே, பாஸ்பேட் தூசி படிந்த அந்தச் சுரங்க ஊரில் லஸாத்தின் குரலைத் தெரியாதவர் கிடையாது. காலையில் ஆளுநர் வெட்டிய ரிப்பன், மதியம் கலாச்சார மன்றத்துக் கவியரங்கு, ஞாயிறன்று கால்பந்து என்று மாகாண வானொலியில் இருபது வருஷமாக எல்லாம் அவர்தான். கவியரங்கில் யாராவது ஏடாகூடமாக வாசித்துவிட்டால், மேடையின் புதுத் திரைச்சீலையைப் புகழ்ந்து செய்தியை முடித்துக்கொள்வார். கெட்ட மனிதர் இல்லை, பயந்தவர். அந்த ஊரில் பயப்படாதவன் யார்?

கால்பந்தில்தான் சிக்கல். மைதானத்துக்கு இரண்டு மைக் கொண்டுபோவார், ஒன்று தன் குரலுக்கு, மற்றொன்று கூட்டத்தின் சத்தத்துக்கு. அரசியல் கோஷம் எழுந்தால் இரண்டாவதின் ஒலியை இறக்கிவிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. இறக்கினார். ஊர் அதற்கும் பழகிவிட்டது. ரேடியோவில் கூட்டம் சட்டென்று அடங்கினால், மைதானத்தில் ஏதோ நடக்கிறது என்று காப்பிக் கடைகளில் ஆட்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள்.

அந்த இலையுதிர்காலத்தில் கோஷம் ஒன்றுதான்: ஹைக்கல் எங்கே? கேலரியில் டிரம் அடிக்கும் இளைஞன் அவன். சுரங்கத்தில் வேலை கேட்டுப் போன ஊர்வலத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்தச் சிறையில் விசாரித்தாலும் அப்படி யாரும் இல்லை என்றார்கள். லஸாத்தின் தெருக்காரன்தான். அவன் தாய் மப்ரூகா, லஸாத்தைக் கண்ட இடத்தில் வழிமறிப்பாள்.

"செய்தியில அவன் பேரை ஒரு தடவ சொல்லுப்பா. உசுரோட இருக்கானான்னு யாராவது சொல்லுவாங்க."

"பாக்கலாம் பெரியம்மா," என்று நழுவுவார்.

அந்த வாரம் வானொலி நிலைய இயக்குநர் ஸுஹைர் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை சத்தம் அடங்கவே கூடாது. பழைய மேட்ச் பதிவு ஒண்ணு எடுத்துக் குடு. நீ மைக்க இறக்கினதும் ஸ்டுடியோவுலேர்ந்து அத ஓட்டிடுறோம்."

"ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்களே?"

"கூட்டத்துச் சத்தத்துக்கு மூஞ்சியா இருக்கு? போய்யா, நல்லதா பாத்து எடு."

நல்லதாகவே எடுத்தார், அதுதான் தப்பு. தொழிலில் ஊறியவருக்கு மட்டமான ஒலியைக் கொடுக்க மனசு வராது. போன வருஷக் கோப்பை ஆட்டத்தின் பதிவைக் கேட்கவே உடம்பு சிலிர்த்தது. ஏன் அப்படிச் சிலிர்க்கிறது என்று அவர் யோசிக்கவில்லை.

ஞாயிறன்று மைதான வாசலை ஒட்டிய தகரக் கொட்டகையில் அவர் உட்கார்ந்ததும், தோல் ஜாக்கெட் போட்ட ரகசியப் போலீஸ்காரர் இருவர் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். ஒருவன் பூசணி விதை கொறித்தான்.

"நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்கண்ணே," என்றான். லஸாத் திரும்பிப் பார்க்காமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

இடைவேளைக்குச் சற்று முன் கேலரி எழுந்தது. ஹைக்கல் பெயர் மைதானத்தை நிறைத்தது. லஸாத் கூட்டத்து மைக்கை இறக்கினார். ஹெட்போனில் பழைய ஆரவாரம் வந்தது. அதற்குள்ளிருந்து டிரம் வந்தது. மூன்று அடி, ஒரு நிறுத்தம், பிறகு அவசரமாக இரண்டு அடி. ஊரில் ஒருவன்தான் அப்படி அடிப்பான். லஸாத் கோல் கிக்கைக் கார்னர் என்று சொல்லித் தொலைத்தார்.

இரண்டாம் பாதியில் மப்ரூகா கொட்டகைக்குள் ஓடிவந்தாள். மேல்துணி சரிந்து கிடந்தது, கையில் மகனுடைய ஸ்வெட்டர்.

"விட்டுட்டாங்களாப்பா? எங்க அவன்? ரேடியோவுல கேட்டேன், அவன் அடிதான், எனக்குத் தெரியாதா? இங்க வந்தா எல்லாரும் அவன் பேரைத்தான் சொல்றாங்க."

பின்னால் விதை கொறிக்கும் சத்தம் நின்றது.

"நீ வேலையப் பாரு," என்றாள் மப்ரூகா. "மேட்ச் முடியட்டும், நான் வாசல்ல நிக்கிறேன். ஸ்வெட்டர் இல்லாமத்தான் வந்திருப்பான், குளிருது."

அவள் நிற்பாள். கடைசி ஆள் வெளியேறிய பிறகும் நிற்பாள், நாளைக்கும் வருவாள். லஸாத்தால் அதைத் தாங்க முடியவில்லை.

"அது போன வருஷத்துச் சத்தம், பெரியம்மா. நான்தான் எடுத்துக் குடுத்தேன். ஹைக்கல் இங்க இல்ல. அவன் எங்கன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க."

அவருடைய மைக்கில், ஒலிபரப்பில் இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எரிவது அவருக்குத் தெரியும்.

மப்ரூகா ஸ்வெட்டரை மார்போடு அணைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு மைக்கின் வயரைப் பிடுங்கியது, மற்றொரு கை லஸாத்தின் தோளில் விழுந்தது.

"எழுந்திரு. போலாம்."