வாசல் மேசை

எனக்குக் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பேன். கந்தோரில் என்னோடு வேலை செய்யும் எல்லோருக்கும் அது தெரியும். திங்கட்கிழமைக் கூட்டங்களில் நான் அடிக்கடி கண்ணாடியைக் கழற்றியதற்கு ஒரே காரணம், அங்கே யாரும் வாயைத் திறப்பதில்லை.

பருத்தித்துறைப் பக்கத்தில் ஓர் அரச கந்தோருக்குப் பொறுப்பதிகாரியாக வந்த முதல் மாதமே, "புது யோசனை சொல்லுங்கோ, பயப்பிடாமல் சொல்லுங்கோ" என்று தொடங்கிவிட்டேன். பயிற்சி வகுப்பொன்றில் கேட்டுவிட்டு வந்த சூடு. பதினான்கு பேர் சுற்றி இருப்பார்கள். தேத்தண்ணி வரும், வடை வரும், யோசனை மட்டும் வராது. எல்லோரும் குனிந்து குறிப்புப் புத்தகத்தில் எதையோ தேடுவார்கள். "என்ன கோதாரி இது! பதினாலு மூளையிலை ஒண்டுகூட வேலை செய்யேல்லையோ?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

அன்றைக்குத்தான் எங்கள் கந்தோர்ப் பிள்ளை ஒருத்தி வாயைத் திறந்தாள். வட்டுக்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவள். வீட்டில் மூன்று வயது மகள். வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"சேர், முதியோர் உதவிக்கு விண்ணப்பிக்க வாற ஆக்கள் மூண்டு தரம், நாலு தரம் அலையினம். என்னென்ன கடதாசி கொண்டரவேணும் எண்டு ஒருத்தரும் முதலே சொல்லுறேல்லை. வரிசையிலை நிண்டு உள்ளுக்கை வந்தாப் பிறகுதான், ஒண்டு குறையுது எண்டு திருப்பி அனுப்புறம். வாசலிலை ஒரு மேசையைப் போட்டு, வரேக்கையே பாத்துவிட்டால் என்ன?"

நான் துள்ளிக் குதிக்காத குறை. "கெட்டிக்காரி! இதைத்தான் நான் இவ்வளவு நாளும் கேட்டனான். பிள்ளை, நீரே இதைப் பொறுப்பெடும்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். நன்றாக உரக்கவே தட்டினார்கள். தாங்கள் தப்பிவிட்ட நிம்மதியில் தட்டினார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்கள் கந்தோர்களில் எங்கும் எழுதிவைக்காத வழக்கம் ஒன்று உண்டு. யோசனையைச் சொன்னவர் தலையில்தான் அந்த வேலையும் விழும். அவருடைய பழைய வேலையில் ஒரு துளியும் குறையாது. அந்த அறையில் இது தெரியாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். நானும் இளம் வயதில் இதே வழக்கத்தில் அடிபட்டவன். இருந்தும், ஏதோ பரிசு கொடுக்கிறவன் போல அவளிடம் பொறுப்பைக் கொடுத்தேன்.

வாசல் வேப்பமரத்தின் கீழ் மேசை போட்டாயிற்று. முழங்கால் நோவோடு மூன்று தரம் வந்து திரும்பிப்போன மீனவர் ஒருவர், நாலாம் தரம் பத்து நிமிடத்தில் அலுவலை முடித்துக்கொண்டு என் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "உங்கடை வாசல் பிள்ளை நல்லா இருக்கோணும், ஐயா" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மற்றவர்களுக்கும் கொண்டாட்டம்தான். எதைக் கேட்டாலும் "உதை வாசலிலை கேளுங்கோ" என்று அங்கே தள்ளினார்கள். அவள் பகல் முழுக்க வாசலில் இருந்துவிட்டு, எல்லோரும் புறப்படும் நேரத்தில்தான் தன் பழைய வேலைக் கோவைகளை விரிப்பாள். அவளுடைய பஸ் போய்விடும். நடக்க முடியாதவர்களுக்குத் தொலைபேசியிலேயே விவரம் சொல்லலாம் என்று இன்னொரு கூட்டத்தில் சொன்னாள். "அருமை! உதையும் நீரே பாரும்" என்றேன். அதற்குப் பிறகு அவள் கூட்டத்தில் கதைத்ததாக எனக்கு நினைவில்லை.

மதிப்பீட்டுக் குழு வந்தது. மேசையைப் படம் எடுத்தது. எங்களுக்கு நற்சேவைச் சான்றிதழ் கிடைத்தது. மேடையேறி வாங்கியது நான். அது என் அறைச் சுவரில் ஏறியது.

சில வாரங்களில் இடமாற்றம் கேட்டுக் கடிதத்தோடு வந்து நின்றாள். வட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கந்தோரில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"நான் வெளிக்கிடேக்கையும் மகள் நித்திரை, போய்ச் சேரேக்கையும் நித்திரை, சேர். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்ரை முகத்தைப் பாக்கிறாள்."

"உம்மை விட்டால் வாசலிலை ஆர் இருக்கிறது?" என்று பகிடியாகக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவள் போன பிறகு கடிதத்தின் அடியில் எழுதினேன்: 'இவர் சேவைக்கு அத்தியாவசியமானவர். பதிலாள் இன்றி விடுவிக்க இயலாது.' அவளைப் பாராட்டுகிறேன் என்று நம்பிக்கொண்டே எழுதினேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல!

அதே இடத்தை எங்கள் கந்தோரில் இன்னொருத்தியும் கேட்டாள். ஐந்து வருடமாக ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காதவள். இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான் என்று நினைத்து ஒரு நிமிடத்தில் கையெழுத்து வைத்தேன். இடம் அவளுக்குக் கிடைத்தது.

செய்தி தெரிந்த அன்று அந்தப் பிள்ளை என் அறைக்கு வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அவ கேட்ட உடனை விட்டியள். அண்டைக்கு நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் என்னையும் விட்டிருப்பியள், என்ன சேர்?"

குரலை உயர்த்தவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள். நான் கண்ணாடியைக் கழற்றினேன். கோபம் எதுவும் இல்லை, கைக்கு வேறு வேலை தெரியவில்லை.  அவள் வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள்.

மாற்றலாகிப் போனவளின் இடத்துக்கு அச்சுவேலியிலிருந்து புதிதாக ஒருத்தி வந்தாள். முதல் திங்கட்கிழமைக் கூட்டம். தேத்தண்ணி வந்தது, வடை வந்தது. "புது யோசனை ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன். வாய்ப் பழக்கம்.

புதியவளின் முகம் மலர்ந்தது. கையை உயர்த்தத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த வாசல் பிள்ளை அந்த மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக மேசைக்குக் கீழே இறக்கினாள். அதை மறைக்கவும் இல்லை. என்னைப் பார்த்தபடியேதான் செய்தாள்.

புதியவள் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு குறிப்புப் புத்தகத்தைத் திறந்து குனிந்துகொண்டாள்.

"சரி, ஒண்டும் இல்லையெண்டால் தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றேன்.