கட்சாலுக்குப் போக வேண்டிய படம்

போர்ட் பிளேரில் கேமராவைத் தூக்கினாலே ஆட்கள் விறைத்து நின்றுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் போட்டோ என்றால் தீவுவாசி என்பதற்கான ஐலண்டர் கார்டு, ஆபீஸ் அடையாள அட்டை, நிக்கோபார் தீவுகளுக்குப் போக வேண்டுமென்றால் அதற்கொரு பாஸ். எதிலும் சிரிக்கக் கூடாது, காது இரண்டும் தெரிய வேண்டும். இப்படியே பழகிய முகத்துக்குக் கல்யாணத்தன்று மாலையைப் போட்டு நிறுத்தி, "கொஞ்சம் இயல்பா இருங்க" என்றால் அது எங்கே போகும்?

மெயின்லேண்டிலிருந்து வரும் ஹனிமூன் ஜோடிகள் வேறு ரகம். நான் லென்ஸ் மூடியைக் கழற்றுவதற்குள் அவன் அவளைத் தூக்கிச் சுற்ற ஆரம்பித்திருப்பான். "போதும் சார், இறக்கி விடுங்க, இடுப்பு பிடிச்சுக்கப் போகுது" என்று சொல்வதோடு என் வேலை முடிந்துவிடும். நம் ஊர் ஜோடிகளிடம்தான் சவால். பி.எஸ்ஸி. முடித்ததும் லம்பா லைன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த அரசாங்கத் தேர்வுப் புத்தகங்களை அலமாரியில் அழகாக அடுக்கி வைத்துவிட்டு நான் கேமராவோடு கிளம்பியவள். எப்பேர்ப்பட்ட கூச்சக்காரரையும் பத்து நிமிடத்தில் சிரிக்க வைத்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு பாம்பூஃப்ளாட் மாப்பிள்ளை வந்து அந்த வாயை அடைத்தார்.

மின்சாரத் துறை அலுவலகத்தில் கிளார்க். தினமும் பாம்பூஃப்ளாட்டில் ஃபெர்ரி ஏறித் துறைமுகத்தைக் கடந்து இந்தப் பக்கம் சாத்தாமுக்கு வந்து வேலைக்குப் போகிறவர். பெண்ணுக்குச் சொந்த ஊர் நிக்கோபாரிலுள்ள கட்சால் தீவு. இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். அவள் போர்ட் பிளேரில் நர்ஸ். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவளுடைய அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார். அந்தக் காலோடு கப்பல் ஏணியில் ஏற முடியாது. அப்பா மட்டும் கிளம்பி வந்தார்.

மாப்பிள்ளையாவது முன்னாலேயே ஒருமுறை கட்சாலுக்குப் போய் மாமியாரைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம் என்று நினைப்பீர்கள். பாஸும் லீவும் கப்பலும் ஒரே மாதத்தில் ஒன்றுசேர்வது இங்கே ஜாதகம் பொருந்துவதைவிடக் கஷ்டம். ஆக, அந்த அம்மா மருமகனைப் பார்த்ததெல்லாம் சம்பந்தம் பேசும்போது போன ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தில்தான்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, கார்பைன்ஸ் கோவ் கடற்கரையில் பெண் என்னைத் தனியாக ஓரங்கட்டினாள்.

"அக்கா, அந்தப் படத்த பாத்ததுலேருந்து அம்மா ஒரே பொலம்பல். 'மொகத்துல ஒன்னுமே தெரியலையேடி, கல்லு மாதிரி இருக்கானே, ஒன்ன எப்பிடி வெச்சிப்பான்'னு. நேத்து தாலி கட்டுனப்புறம் போன்ல பேசுறேன், வாழ்த்துன கையோட அழுவுறாங்க. நேர்ல அவரு அப்பிடி இல்லக்கா. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க."

"வீடியோ கால்ல காட்டலாமே?"

"அம்மாகிட்ட பட்டன் போனுதான். கையில வெச்சிப் பாக்கணும் அவங்களுக்கு. அப்பா நாளைக்கிக் கப்பல்ல போறாரு. அவரு கையில ஒரு படம் குடுத்து உடணும்க்கா. ஒன்னே ஒன்னு. பாத்தவொடனே மனசு ஆறுற மாதிரி."

முதல்நாள் மண்டபத்தில் எடுத்த படங்களை எனக்குத் தெரியும். மாலை மாற்றும்போது ஐலண்டர் கார்டு, மெட்டி போடும்போது ஐலண்டர் கார்டு, பாயசம் ஊட்டும்போது வாய் திறந்த ஐலண்டர் கார்டு. இருந்தாலும் "நான் பாத்துக்கறேன்" என்று பந்தாவாகச் சொல்லிவிட்டேன்.

என்னிடம் சில தந்திரங்கள் உண்டு. முதலில், கேமராவைப் பார்க்காமல் பேசிக்கொண்டே நடந்து வரச் சொன்னேன். மாப்பிள்ளை குடியரசு தின அணிவகுப்பில் வருவதுபோல் கையை வீசிக்கொண்டு வந்தார். பெண் நான்கடி பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தாள். அடுத்து, தென்னைமரத்தில் லேசாகச் சாயச் சொன்னேன். அவர் அண்ணாந்து தேங்காய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அதில் நியாயம் இருந்தது, நானும் தள்ளி நின்றேன்.

கடைசி அஸ்திரம் ஒன்று பாக்கி.

"சார், அவங்க காதுல மெதுவா ஏதாவது ஒரு ரகசியம் சொல்லுங்க. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதது."

"ஹிந்தியில சொல்லலாமா மேடம்?"

"எதுல வேணா சொல்லுங்க."

குனிந்து சொன்னார். பெண் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். ஆகா, விழுந்தது படம் என்று திரையைப் பார்த்தால் பெண்ணின் முகம் முழுக்க மருதாணிக் கை. பக்கத்தில் மாப்பிள்ளை, ஃபைலில் கையெழுத்துக்குக் காத்திருப்பவர்போல. அப்படி என்ன சொன்னார் என்று அவளிடம் கேட்டேன்.

"'கித்னா டைம் லகேகா, இன்னும் எவ்ளோ நேரமாகும், பசிக்குது'ன்னாருக்கா."

பெண்ணின் அப்பா தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்புள்ள, மாப்புள்ளைக்கி ஒடம்புக்கு முடியலியா?"

"இல்லீங்கப்பா. அவரு போஸ் குடுக்குறாரு."

"அப்பிடியா," என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்கத் தொடங்கினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்வது என்று அவர் யோசிப்பதுபோல் எனக்குத் தோன்றியது.

மாப்பிள்ளை வீட்டில் மதிய விருந்து. அக்கரைக்குப் போக எல்லோரும் சாத்தாம் படகுத்துறைக்கு, ஜெட்டிக்குப் போனோம். வண்டிகளை ஏற்றிச் செல்லும் பெரிய ஃபெர்ரி நின்றது. அவர்கள் இருவரும் ஜெட்டியில் நடந்து வருவதை மேலிருந்து எடுக்கலாமே என்று நானும் அப்பாவும் முன்னால் போய் ஏறிக்கொண்டோம். பெண்ணுக்குப் புதுச் செருப்பு கடித்தது. நொண்டி நொண்டி வந்தாள். அதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்கள்.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் மாப்பிள்ளை வேறு ஆளாகிவிட்டார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "ருக்கோ பையா, ருக்கோ!" என்று நிறுத்தச் சொல்லிக் கத்தியபடி பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். எத்தனையோ வருடமாகக் கடைசி நிமிடத்தில் ஃபெர்ரி பிடித்த கால்கள் அவை. சரிகைப் புடவையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சிரிப்பும் அலறலுமாக அவளும் ஓடி வந்தாள். தூக்கப் போன, வண்டிகள் ஏறும் சாய்தளத்தை ஃபெர்ரி ஊழியர் ஒரு நொடி நிறுத்திவைத்தார். இரண்டு பேரும் குதித்து ஏறினார்கள். நான் விரலை எடுக்கவே இல்லை. கேமரா தையல் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

இடையில் திரையைத் தட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளைக்குப் பல் இருந்தது! ஒரு படத்தில் இரண்டு பேர் காலும் தரையிலேயே இல்லை. "கெடச்சிருச்சுப்பா!" என்று பெண்ணின் அப்பாவிடம் கத்தினேன். அவரும் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, சிரிக்கிறாப்புலயே," என்றார்.

படத்தைப் பெண்ணிடம் காட்டலாம் என்று திரும்பினால், பைக்குகளுக்கு நடுவில் அவள் ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள். இன்னொரு காலின் செருப்பு ஜெட்டியில்.

"கத்துறேன்ல? செருப்பு, செருப்புன்னு கத்துறேன்ல? அடுத்த ஃபெர்ரில வந்தா என்ன கொறஞ்சா போயிருவீங்க?"

"அது... பழக்கம்."

"என்னா பழக்கம்? கட்டுன மறுநாளே பொண்டாட்டிய மூட்ட மாதிரி இழுத்துட்டு வர்றது?"

இன்ஜின் சத்தத்தில் பாதிதான் அவர் காதில் விழுந்திருக்கும் போல. அவரும் ஏதோ சொல்லிக்கொண்டே கிட்டே போனார். அவள் விரலை நீட்டிக்கொண்டு நிறுத்தாமல் திட்டினாள். எனக்கு விரல் ஓயவில்லை, அதிலும் இரண்டு மூன்று அடித்து வைத்தேன். அவள் என்னைப் பார்த்து முறைத்த பிறகுதான் கேமராவை இறக்கினேன்.

அன்று மாலையே அபர்தீன் பஜாரில் பிரின்ட் போட்டேன். ஓட்டப் படம்தான் முதல் பக்கம், ஆல்பத்தின் ராணி. ஆல்பத்தில் இருபது படத்துக்கு இடம் இருந்தது. நான் எவ்வளவு அலசியும் தேறியது பத்தொன்பது. காலியாக விட மனசில்லாமல், பெண் திட்டும் படம் ஒன்றைக் கடைசிப் பக்கத்தில் சொருகினேன். அவள் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, ஓரத்தில் யாரோ ஒருவரின் ஹெல்மெட் வேறு. மறுநாள் காலை அப்பா ஆல்பத்தைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பலேறினார்.

அதற்கப்புறம் மூன்று நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நான்காம் நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"போட்டோ புள்ளையா? நாந்தான் கட்சால்லேருந்து. பொண்ணோட அம்மா."

"சொல்லுங்கம்மா! பாத்தீங்களா? ஓடி வர்ற படம் எப்பிடி?"

"ஓடுறாங்க. நல்லாத்தான் இருக்கு. சிரிச்சிக்கிட்டு யாரு வேணா ஓடுவாங்க புள்ள."

எனக்கு முகம் தொங்கிப்போனது. நல்லவேளை, அவரிடம் பட்டன் போன்.

"கடைசிப் பக்கத்துல ஒன்னு வெச்சிருக்கியே, அதத்தான் ரெண்டு நாளா பாத்துக்கிட்டு கெடக்கேன். எம்மவ வாயி எனக்குத் தெரியும். அவ அந்த மாதிரி வாயத் தொறந்தா அவங்கப்பாவே கொல்லப்பக்கம் போயிருவாரு. இந்தப் பையன் என்னாடான்னா காத கிட்ட கொண்டாந்து வெச்சிக் கேட்டுக்கிட்டு நிக்கிறான்."

போனைக் காதில் வைத்தபடியே கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன். அப்படித்தான் இருந்தது. அவள் ஒரு காலில் செருப்பில்லை. அவர் தன்னுடையதைக் கழற்றி அவள் பக்கம் தள்ளிவிட்டு, தலையைச் சாய்த்துக் காதை அவள் வாயருகில் வைத்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தைகூடச் சிந்திவிடக் கூடாது என்பதுபோல.

"இத பெருசா போட்டு, சட்டம் மாட்டி, அடுத்த கப்பல்ல குடுத்து உடு. நடுவூட்டுல மாட்டணும்."

"அம்மா, உங்க பொண்ணு என்னைக் கொன்னுடுவா. வாய் கோணலா இருக்கு."

"அவளுக்குப் பொறந்ததுலேருந்தே அந்த வாயிதான். நீ போடு."

போட்டேன். விஷயம் தெரிந்ததும் பெண் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சட்டம் போட்டு அனுப்பிவிட்டு அம்மாவுக்கு போன் செய்து சொன்னபோது, அவர் ஒன்று கேட்டார்.

"ஆமா, அம்புட்டுத் திட்டும் கேட்டுட்டு அந்தப் பையன் பதிலுக்கு என்னா சொன்னான்?"

"'சரி'ன்னாரும்மா. அப்புறம், 'சாப்பிடப் போலாமா'ன்னாரு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது.

"கால் கட்டப் பிரிக்கட்டும் புள்ள. பாஸ எடுத்துக்கிட்டு வரச் சொல்லு அவன. நானும் ரெண்டு திட்டு திட்டிப் பாக்குறேன்."