மே என்றும் பே என்றும்

ஆட்டுக்கென்று வெட்டிக் கட்டித் தொங்கவிட்ட பூவரசங் குழை, அந்த இலைக்கொத்து, வெயிலில் வாடும்போது இலேசான கைப்பு மணம் ஒன்று எழும். எங்கே நின்றாலும் அந்த மணத்துக்கு எங்கள் ஆடு திரும்பி வந்துவிடும் என்பதால், குட்டி ஈன்ற ஐந்தாம் நாள் மத்தியானம் அது கயிற்றை அறுத்துக்கொண்டு போனபோது முதலில் எவரும் பதறவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. போர்க்காலம். வேலை நிமித்தம் வன்னிக்குப் போன ஐயா பாதை அடைபட்டு அங்கேயே நின்றுவிட, உடுவிலில் அம்மாவும் பதினேழு வயது அண்ணையும் நானுமாக மூன்று பேர் இருந்தோம்.

எங்கள் வீட்டுக்கு வரும் ஒடுங்கிய தெருவான ஒழுங்கை முடிகிற இடத்தில், கொழும்புக்குப் போய்விட்டவர்களின் வீடொன்றைப் படையினர் எடுத்து, சுற்றிவர மண்மூட்டை அடுக்கிக் காவலரண் ஆக்கியிருந்தார்கள். அதற்குப் பின்னால் முட்கம்பி, அதற்குப் பின்னால் பற்றை பிடித்த பனங்காணி. அந்தப் பக்கம் போகாதே என்று அம்மா நாளுக்கு நாலு தரம் சொல்வார். அவர்களுடைய சிங்கள மொழியில் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே சொல் "பே". பயணத்துக்குப் பாஸ் கேட்டுப் போன இடமெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிய சொல் அது. ஏலாது என்று பொருள்.

மூன்று மணியாகியும் ஆடு வரவில்லை. குட்டி பசியில் கத்திக் கத்திக் குரல் மெலிந்துபோயிற்று. அண்ணைக்கு எந்தப் பிராணியின் குரலையும் எடுக்க வரும். அவர் சேவல்போலக் கூவினால் அடுத்த வளவுச் சேவல் சண்டைக்கு வந்து மதிலில் ஏறும். "நான் கூப்பிட்டால் வரும், பொறுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு, "ம்மே, ம்மே" என்று கத்தியபடி வேலியோரமாக நடந்தார். அந்தக் குரல் தள்ளித் தள்ளிப் போய்ப் பனங்காணிப் பக்கம் திரும்புவதை நாங்கள் குசினிக்குள் இருந்தே கேட்டோம். பிறகு அது பாதியில் நின்றது. வேறு குரல்கள் அதட்டின. பிறகு ஒன்றுமே இல்லை.

அம்மா புளி கரைத்த கையைக்கூடக் கழுவவில்லை. அண்ணையின் அடையாள அட்டையையும் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையையும் ஒரு கையிலும் என்னை மறு கையிலும் பிடித்துக்கொண்டு காவலரணுக்கு நடந்தார். மண்மூட்டைக்குப் பின்னால் நின்ற சிப்பாய்க்கு அண்ணையைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். துவக்கை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, நில்லுங்கள் என்று கையைக் காட்டினான்.

"மாத்தயா, என்ரை பிள்ளை, படிக்கிற பிள்ளை. ஆடு தேடித்தான் வந்தவன். வேறை ஒண்டுக்கும் இல்லை" என்றார் அம்மா. அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது. "ம்மே." சிறிது நேரம் கழித்து மறுபடி, "ம்மே." ஆடு அல்ல என்று எங்கள் இருவருக்கும் தெரியும். யாரோ ஏதோ அதட்ட, மறுபடியும் அதே குரல், முன்னையதைவிட உடைந்து. அம்மாவின் நகம் என் தோளில் இறங்கியது.

நான் பனங்காணிப் பக்கம் கையை நீட்டி, "மே! மே!" என்று கத்திக் காட்டினேன். சிப்பாய் சட்டென்று அந்தத் திசைக்குத் துவக்கைத் திருப்பி, பற்றைக்குள் எவரோ நிற்பதுபோலக் குனிந்து பார்த்தான். அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று எனக்கு விளங்கவில்லை. பயத்தில் இன்னும் உரத்து "மே" என்றேன்; அவன் முகம் இன்னும் இறுகியது. அம்மா என் வாயைப் பொத்தினார். பிறகு தன் தலையில் இரண்டு விரலை வைத்துக் கொம்பு காட்டினார், நாடியில் தாடி காட்டினார், பால் கறந்து காட்டினார். பரீட்சை மேற்பார்வைக்குப் போனால் ஒரு வகுப்பையே பார்வையால் அடக்குகிற என் அம்மா ஒழுங்கை நடுவில் நின்று அப்படிச் செய்ததை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

சிப்பாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பே?" என்றான்.

அம்மா அப்படியே மண்ணில் குந்திவிட்டார். "ஏலாதாம் பிள்ளை. விடமாட்டினமாம்."

ஆனால் நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுக்கிறவன் கேள்வி கேட்கிறவனைப்போலப் புருவத்தை உயர்த்துவானா? அவன் மறுபடியும், இம்முறை நீட்டி, நாடியை நடுக்கி, "பேஏஏ?" என்றான். ஆடு! அவன் ஊரில் ஆடு அப்படித்தான் கத்தும்போலும்.

"ஓம்! பே! பே!" என்று நான் துள்ளினேன்.

அவன் உள்ளே திரும்பி ஏதோ சொன்னான். உள்ளேயிருந்து கடுமையாக ஒரு பதில் வந்தது. சிப்பாய் இரண்டு கையையும் விரித்து, ஆடு எங்கே என்பதுபோல எங்களிடம் காட்டினான். ஆறு மணிக்கு ஊரடங்கு. பனங்காணிக்குள் போய்த் தேடுவதற்கு எவருக்கும் அனுமதி இல்லை. நான் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வீட்டுக்கு ஓடிப்போய்க் குட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தேன். செருப்பு ஒன்று வழியில் கழன்றது, எடுக்க நிற்கவில்லை.

முட்கம்பிக்கு முன்னால் குட்டியை இறக்கிவிட்டேன். அது கத்தவில்லை. கால் நடுங்க நின்று என்னையே பார்த்தது. உள்ளேயிருந்து அதிகாரி ஒருவன் வாசலுக்கு வந்து மணிக்கூட்டைப் பார்த்தான். "கத்தடி ராசாத்தி, கத்து" என்று அம்மா அதன் முன்னால் முழங்காலில் நின்று கெஞ்சினார். கடைசியில் அது வாயைத் திறந்தது. வந்த குரல் மேயும் இல்லை, பேயும் இல்லை. எந்த எழுத்திலும் அடங்காத ஒரு கீச்சு. பற்றைக்குள் சருகு அசைந்தது. உள்ளேயிருந்து தாய் பதில் சொன்னது. சொல்லிக்கொண்டே கம்பிக்குக் கீழால் நுழைந்து, மடியில் கீறல் விழுந்து இரத்தம் கசிய வந்து நின்று, குட்டிக்குப் பால் கொடுத்தது.

அதிகாரி அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே கையை அசைத்தான்.

அண்ணை வெளியே வந்தபோது சேர்ட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இரண்டு முழங்காலிலும் மண். எங்களைப் பார்க்காமல் ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

மறுநாள் காலை, தெற்கே சிங்கள ஊரான காலியில் சுருட்டுக்கடை வைத்திருந்து திரும்பிய அயல்வீட்டுக்காரர் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். "மே எண்டால் அவங்கடை பாசையிலை 'இது' எண்டு அர்த்தம் பிள்ளை. பத்தைக்கை இருந்து ஆரோ 'இது, இது' எண்டு ஆருக்கோ காட்டிக் குடுக்கிறான் எண்டெல்லோ நினைச்சிருப்பாங்கள்!" அவர் சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் சேவலாகக் கூவவில்லை, ஆட்டையும் வாயால் கூப்பிடவில்லை. குழையைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் போய் நிற்பார்.

இப்போது அந்த ஒழுங்கை காப்பெட் ரோட்டு. காவலரண் இருந்த வீட்டை இடித்து மாடி வீடு கட்டிவிட்டார்கள். பனங்காணியில் மூன்று குடும்பங்கள் குடியிருக்கின்றன. மண்மூட்டைகள் எந்த இடத்தில் இருந்தன என்று என்னாலேயே சரியாகச் சொல்ல முடியவில்லை. அண்ணை சுன்னாகத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். அம்மா தவறிப்போய் நான்கு வருடமாகிறது.

போன மாதம் நான் போயிருந்தபோது அண்ணையின் கடைசி மகள் பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களப் பாடத்தை எங்களுக்கு முன்னால் நின்று ஒப்புவித்தாள். நாய்க்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று என்று சொல்லிவந்து, ஆட்டிடம் வந்ததும் "பே, பே" என்றாள். அண்ணை எழுந்து முற்றத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகச் சொல்லாததை அப்போதுதான் சொன்னார்.

"முழங்காலிலை இருத்திப்போட்டுக் கத்தச் சொன்னவங்கள். கத்தினால், இன்னொருக்கா எண்டுவாங்கள். எத்தினை தரமெண்டு எண்ணேல்லை." பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "வெளியிலை அம்மாவுக்கு அது கேட்டதோ?"

அம்மாவின் நகம் பதிந்த தோள் எனக்கு அன்றிரவு முழுவதும் வலித்தது.

"இல்லை அண்ணை" என்றேன். "எங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லை."