ஓர் ஏகாரமும் ஒரு கால்விரலும்

மருந்துத் தொழிற்சாலையில் அவளைக் ‘கமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடிருந்தது. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, வாங்கியவர் எவரும் பிரித்துப் பார்க்காத தாள், அதை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒருமுறை ‘உணவுக்கு முன் அல்ல, பின்’ என்றிருக்க வேண்டியது ‘உணவுக்கு முன், அல்ல பின்’ என்று அச்சாகிவிட்டது. நாற்பதாயிரம் தாளை நிறுத்திவைத்தாள். ஒரு கமாவுக்காகவா என்று மேலாளர் குதித்தார். பிறகு இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து அவள் கமா. வயதில் இளையவர்களுக்குக் கமாக்கா.

இருபத்திரண்டு வருஷம் இந்த வேலை பார்த்தவளால் எதையும் சும்மா படிக்க முடியாது. பேருந்துச் சீட்டைப் படிப்பாள். சோப்பு உறையைப் படிப்பாள். பைபிளை மட்டும் ஊரே படிப்பதுபோலத்தான் படித்துக்கொண்டிருந்தாள்: கண் வரியில் ஓடும், மனம் அடுப்படியில் நிற்கும். அதையும் கெடுத்தவர் அவளுடைய சபையின் போதகர். “உங்களுக்கே வந்த கடிதம்போல, எழுத்தெழுத்தாக வாசியுங்கள்” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தார். போதகர்கள் இப்படியெல்லாம் சொல்வது வழக்கம். யாராவது செய்துவிடுவார்கள் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

அவள் செய்தாள். ஆதியாகமத்தில் ஆரம்பித்தாள். கண் முந்திக்கொண்டு ஓடாதபடி வரிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை வைத்து, படிக்கப் படிக்கக் கீழே இறக்கினாள். பக்கம் முடிந்ததும் பென்சிலால் சுருக்கக் கையெழுத்தும் தேதியும். தொழிற்சாலையில் அதற்குப் பொருள், ‘பார்த்துவிட்டேன், இனி இது என் பொறுப்பு.’ வேதாகமத்துக்கு அவள் பொறுப்பேற்றுக்கொள்வதைப் பற்றிக் கணவர் கேலி செய்தார். “கடவுளே ஒரு தடவை பார்த்துட்டுத்தானே விட்டிருப்பார்?”

கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். பைபிளைத் திறந்தவரல்லர், கடவுளைச் சந்தேகித்தவருமல்லர். வண்டியைக் கிளப்புமுன் நெற்றியில் இரண்டு விரலை வைத்து எடுப்பார், அவ்வளவுதான் அவருடைய வேதபாராயணம். ஆக, அந்த வீட்டில் வாசிக்காதவர் நம்பிக்கொண்டிருந்தார். நம்ப விரும்பியவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

இப்படி இரண்டு வருஷம் ஓடி, அவள் அரசர்களின் கதைகளுக்குள் இருந்தபோது காலில் பிரச்சினை வந்தது. பத்து வருஷமாகச் சர்க்கரை. புதுச் செருப்பு வலது கால் இரண்டாம் விரலைக் கடித்தது அவளுக்குத் தெரியவே இல்லை, வலி இருந்தால்தானே தெரியும். விரல் நுனி கறுத்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனாள். மருத்துவர் இளவயதுக்காரர், சுற்றிவளைக்கத் தெரியாதவர்.

“இந்த வாரத்துக்குள்ள விரலை எடுத்துடணும்மா. தள்ளிப்போட்டா பாதத்தையே எடுக்க வேண்டி வரும்.”

வீட்டுக்கு வந்தாள். அன்றைய பக்கத்தைத் திறந்தாள். ஆசா என்ற அரசனின் கடைசிக் காலம். நல்ல அரசன், முன்னொரு காலத்தில் பெரும்படை எதிரே நின்றபோது கடவுளை நம்பி ஜெயித்தவன். வயதான பின் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. அவனுக்குக் கால்களில் வியாதி கண்டது, கடுமையான வியாதி. அவன் தன் வியாதியிலும் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே தேடினான் என்கிறது வேதம். பரிகாரி என்றால் வைத்தியர். அடுத்த வரியில் இறந்துபோகிறான்.

அட்டை அந்த வரிக்கு அடியில் நின்றுவிட்டது. ஆயிரம் பக்கத்துக்கு மேலிருக்கும் புத்தகத்தில், கால் வியாதிக்கு வைத்தியரிடம் போன ஒருவனின் கதை இன்றைக்குத்தானா வர வேண்டும்? கமா குறி பார்க்கிறவளல்லள். ஆனால் உங்களுக்கே வந்த கடிதம் என்று படிக்கச் சொன்னால், கடிதத்தில் கால் என்று இருந்தால், கால் என்றுதானே படிக்க முடியும்?

அவளை உண்மையில் மடக்கியது அந்த வார்த்தையின் கடைசி எழுத்து. ‘பரிகாரிகளையே.’ பள்ளிக்கூடத்தில் இந்த ஏகாரத்தைப் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ‘வைத்தியரை மட்டும்’ என்று ஒதுக்கிக் காட்டுகிற ஏகாரமென்றால், அரசனின் தவறு கடவுளை விட்டுவிட்டதுதான். இரண்டு பேரையும் தேடியிருந்தால் தப்பில்லை. ‘போயும் போயும் வைத்தியரை’ என்று அழுத்துகிற ஏகாரமென்றால், வைத்தியரிடம் போனதே தவறு. முதல் ஏகாரத்தில் அவள் விரல் போகும். இரண்டாவது ஏகாரத்தில் என்னென்ன போகுமோ. பக்கத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போடாமல் ‘நிறுத்திவை’ என்று எழுதினாள்.

தொழிற்சாலையில் நிறுத்திவைத்தால் மேலதிகாரி வந்து தீர்ப்பார். இங்கே மேலதிகாரி யாரென்று தெரியும், அவர் வருவதாகத் தெரியவில்லை. நான்கு நாள் முழங்கால் போட்டுக் கேட்டாள். ஐந்தாம் நாள் போதகரிடம் போனாள்.

ஆலயத்துக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில், அவர் மேசைமேல் இரத்தக்கொதிப்பு மாத்திரைப் புட்டி இருந்தது. கமா முதலில் அதன் காலாவதித் தேதியைப் பார்த்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

“அந்த ராஜா செஞ்ச தப்பு வைத்தியரைத் தேடினது இல்லம்மா. கர்த்தரைத் தேடாம விட்டது” என்றார் போதகர்.

“அப்படின்னா கர்த்தரைத் தேடலைன்னு சொல்லி நிறுத்தியிருக்கலாமே, பாஸ்டர். வைத்தியரை ஏன் இழுக்கணும்?”

“நீங்க ஜெபம் பண்ணிட்டுப் போங்க. ரெண்டும் ஆச்சுல்ல?”

“ஜெபம் பண்ணிட்டுப் போனா, நான் ஜெபத்தை நம்பிப் போறேனா, டாக்டரை நம்பிப் போறேனா?”

“கர்த்தரை நம்பி டாக்டர்கிட்ட போறீங்க.”

“கர்த்தரை நம்பறவளுக்கு டாக்டர் எதுக்குன்னு அந்த ராஜாவைக் கேட்ட மாதிரி என்னையும் கேட்டா?”

போதகர் மாத்திரைப் புட்டியை மெதுவாக மேசை இழுப்பறைக்குள் தள்ளினார். “இதை நான் ஒரு தடவை மூல பாஷையில பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார். அவருக்கு மூல மொழி தெரியாது. அது கமாவுக்கும் தெரியும். இருவரும் தலைகுனிந்து ஜெபித்தார்கள். வெளியே வந்தபோது குழப்பத்துக்குக் கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது, குழப்பம் குறையவில்லை.

மருத்துவர் சொன்ன வாரம் முடிந்தது. அவள் போகவுமில்லை, போகமாட்டேன் என்று சொல்லவுமில்லை. பத்தாம் நாள் தங்கை வந்தாள். தங்கை தையல்கடைக்காரி, எதையும் கத்தரித்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவள். அறைக்குள் நுழைந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“என்னக்கா இது நாத்தம்?”

“மருந்து போட்டிருக்கேன்.”

“மருந்தா நாறுது? அத்தான், நீங்க பாத்துக்கிட்டுச் சும்மாவா இருக்கீங்க?”

“நான் தினமும்தான் சொல்றேன். உங்கக்கா ஒத்தைக்கால்ல நிக்கிறாளே” என்றார் கணவர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மூன்று பேரும் காலைப் பார்த்தார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு கணம் கழித்துக் கமாவுக்கு மட்டும் வந்தது.

“நான் எதிலயும் நிக்கலைங்க” என்றாள். “எது நம்பிக்கைன்னு தெரியலை, அதான். போனா பயந்து போனதாகும். போகலைன்னா கடவுளைச் சோதிச்சதாகும். அதுவும் தப்புன்னு வேற இடத்துல இருக்கு. ரெண்டும் எழுதியிருக்கு.”

கணவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். “எனக்கு உன்னளவு படிப்பில்ல. என் முதுகுக்குப் பின்னால அம்பது பேர் தூங்குறாங்க. இதுவரைக்கும் ஒருத்தராவது லைசென்ஸைக் காட்டுன்னு கேட்டதில்ல. அவங்கள்ல பாதிப் பேர் ஏறும்போது சாமி கும்பிட்டுட்டுத்தான் ஏறுறாங்க. அவங்க என்னை நம்புறாங்களா, சாமியை நம்புறாங்களா? எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. ஊர் வந்து சேர்ந்துடுது.”

“சேரலைன்னா?”

அவர் பதில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பிடித்தது. தயாராக வைத்திருந்த பதில்கள் மற்ற எல்லோரிடமும் இருந்தன. தங்கை செருப்பை எடுத்து அவள் முன்னால் போட்டாள். கமா எதையும் தீர்மானிக்காமலே எழுந்துபோனாள்.

மருத்துவமனையில் அன்றே படுக்க வைத்துவிட்டார்கள். ஒப்புதல் படிவத்தோடு செவிலி வந்தாள். மற்ற நோயாளிகள் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் தேடுவார்கள். கமா படிவத்தை முழங்காலில் பரப்பி, சாப்பாட்டுத் தட்டின் கீழிருந்த காகிதத்தை மடித்து வரிக்கு அடியில் வைத்தாள். செவிலி ஒருமுறை போய்விட்டு வந்தாள். இரண்டாம் முறையும் போய்விட்டு வந்தாள். மூன்றாம் முறை மருத்துவரையே கூட்டிக்கொண்டு வந்தாள்.

“என்னம்மா, எழுத்துப் புரியலையா?”

“புரியுது டாக்டர். ‘வலது கால் இரண்டாம் விரலையும், தேவைப்பட்டால் பிற பகுதிகளையும்’ அப்படின்னு இருக்கு. நீங்க விரல்னுதான் சொன்னீங்க.”

“விரல்தான். ஆனா பத்து நாள் தாமதமாயிடுச்சு. திறந்து பார்த்தாத்தான் எவ்வளவுன்னு தெரியும்.”

“பிற பகுதின்னா எதுவரைக்கும்? ஒரு எல்லை போடக்கூடாதா? எங்க தொழிற்சாலையில இப்படி ஒரு தாள் வந்தா நான் நிறுத்திடுவேன்.”

“எல்லை எனக்கே தெரியாதே.”

“தேவைப்படுதான்னு யார் தீர்மானிப்பாங்க?”

“நான்தான்.”

“அப்போ நான்?”

“நீங்க தூங்கிட்டிருப்பீங்க” என்றார் மருத்துவர்.

பொய் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடவுளைத் தேடுவதா, பரிகாரியைத் தேடுவதா என்று பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டவளுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது: இத்தனை நாளும் இரண்டு பேரில் யார் கையிலும் அவள் காலைக் கொடுக்கவில்லை. தன் கையிலேயே வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பெயர் கவனமா, பயமா? கவனமாக இருப்பவர்கள் இந்தக் கேள்வியைத் தங்களைப் பார்த்துக் கேட்டுக்கொள்வது அபூர்வம். அவள் கேட்டாள். செவிலி பேனாவைத் திரும்பப் பெறக் கையை நீட்டியபடி நின்றாள்.

கையெழுத்துப் போட்டாள். தெளிந்து போட்டாள் என்று சொன்னால் அது பிரசங்கத்துக்கு உதவும், உண்மைக்கு உதவாது. ‘நான் பார்க்க முடியாத நேரத்தில் நீர் பாரும்’ என்று மனசுக்குள் சொன்னாள். யாரைப் பார்த்துச் சொன்னோம் என்பதில் அந்த ஒரு முறை அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. மருத்துவரையும் பார்த்துத்தான் சொன்னாள்.

கண் விழித்ததும் போர்வையை விலக்கினாள். பாதம் இருந்தது. கட்டுக்குள் இரண்டாம் விரலோடு மூன்றாம் விரலும் இல்லை. தேவைப்பட்டதாம்.

குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. பாதம் பிழைத்ததற்குக் கணவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். முதல் வாரமே வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்றாள் தங்கை. போதகர் வந்து இரண்டும் சரி என்றார். மூன்றாவது விரல் நம்பிக்கைக் குறைவால் போனதா, வேத வாசிப்பால் போனதா என்று கமா கூரையைப் பார்த்து யோசித்தாள். ஒருவேளை அந்த ஏகாரத்துக்கு மூன்றாவது ஒரு பொருள் இருக்கலாம். பள்ளியில் அவள் விடுப்பு எடுத்த நாளில் நடத்தியிருப்பார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ‘தினமும் இரண்டு உள்ளங்காலையும் பார்க்கவும்’ என்றிருந்தது. உள்ளங்கால் கண்ணுக்குத் தெரியுமளவுக்கு அவளுக்குக் கால் மடங்காது. கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கண்ணாடியில் இடது வலதாகத் தெரிந்தது, அப்படிப்பட்ட நகலை அவள் ஏற்பதில்லை. ஆகவே தினமும் காலையில் அந்த வேலை கணவருக்கு வந்தது. நெடுஞ்சாலையில் தொலைவில் வருவதையெல்லாம் பார்த்துவிடுகிற கண்ணுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கல். அவளுடைய வாசிப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொள்வார்.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா? சிவப்பு?”

“சிவப்பு இல்ல.”

“வீக்கம்?”

“வீக்கமும் இல்ல.”

“விரல் இடுக்குல பாத்தீங்களா? இருக்கிற விரல்ல?”

“பாத்துட்டேன்.”

“நல்லா?”

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு எட்டாத இடம் அது. அவர் சொல்வதைத் தவிர வேறு மூலப்பிரதி கிடையாது.

“சரி, சாக்ஸை மாட்டி விடுங்க” என்றாள். “வேலைக்கு நேரமாச்சு.”