கை கேட்காத திருப்பம்

மஸ்கட்டில் வண்டிகள் ரவுண்டானாவை அப்பிரதட்சிணமாகச் சுற்றுகின்றன. வந்த முதல் வாரம் கம்பெனி வேனின் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் எதையும் வலமாகத்தான் சுற்றுவோம். இடமாகச் சுற்றுவது சாவுக் காரியத்தில் மட்டும். இங்கேயோ நடுவில் ஆள் உயரத்தைவிடப் பெரிய சிமெண்ட் கூஜாவை நிறுத்தி, அதைச் சுற்றி விடிந்ததிலிருந்து கார்கள் இடமாகவே போய்க்கொண்டிருந்தன. சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிற நாட்டில் அப்படித்தான் சுற்ற முடியும் என்று புத்திக்குத் தெரிகிறது. புத்திக்குத் தெரிந்தது கைக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்பதுதான் தெரியவில்லை.

இதில் கூச்சமான விஷயம் ஒன்று உண்டு. கோவில்பட்டியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஒன்பது வருஷம் கற்றுக்கொடுத்தவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில் டிரைவர் வேலைக்கு இங்கே வந்தேன். உள்ளூர் லைசென்ஸ் எடுத்தால்தான் வேலை. மூன்று டெஸ்டிலும் தோற்றால் திரும்பிப் போக டிக்கெட் தந்துவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பயிற்சி தர வந்தவர் ஹமத். இருபத்தைந்து வயது இருக்கும், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அரபியும் உடைந்த ஹிந்தியும் பேசுவார். எனக்கு ஹிந்தி அரைகுறை, அரபி சுத்தமாகத் தெரியாது. வலம் என்பதற்கு "யமீன்", இடம் என்பதற்கு "யஸார்" என்று மட்டும் மனப்பாடம் செய்திருந்தேன்.

ஊரில் இடப்பக்கத் திருப்பம் ஒடுக்கமானது, வலப்பக்கத் திருப்பம் அகலமானது. இங்கே நேர் எதிர். முதல் நாள் அவர் "யமீன்" என்றதும் நான் பழக்கதோஷத்தில் அகலமாக வளைத்து, எதிரே வருகிறவன் தடத்தில் போய் நின்றேன். ஹமத் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துக்கொண்டே "ஷ்வை ஷ்வை" என்றார். பயத்தில் 'சிவ சிவ' என்கிறாரோ, இந்த ஊர்க்காரர் ஏன் சிவனைக் கூப்பிடுகிறார் என்று விழித்தேன். மெதுவாக என்று அர்த்தமாம். நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. "நானும் வாத்தியார்தான்" என்று ஹிந்தியில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "என்ன பாடம்?" என்று கேட்டார். ஸ்டியரிங்கைத் தட்டிக் காட்டினேன். அவருக்குக் கண்ணில் நீர் வருமளவு சிரிப்பு. நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

முதல் இரண்டு டெஸ்டிலும் தோற்றேன். இரண்டிலும் திருப்பத்தில்தான். இரண்டாவது முறை, திருப்பியதும் பதற்றத்தில் ஸ்டியரிங்கைக் கைவிட்டுவிட்டேன். அது தானாகச் சுழன்று திரும்ப, கார் குலுங்கியது. அந்தக் குலுக்கலில் எனக்கு மாடசாமியின் ஞாபகம் வந்தது.

மாடசாமி புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர். மழை பொய்த்த வருஷம், பாதி ஆட்டை விற்றுவிட்டு, வெளியூருக்கு வண்டி ஓட்டப் போகலாம் என்று எங்களிடம் வந்தார். வயது நாற்பதுக்கு மேல். விளாத்திகுளம் ரோட்டில், இருபுறமும் கரிசல் வெடித்துக் கிடக்க, பழைய அம்பாசிடரில் அவருக்குத் திருப்பம் சொல்லிக்கொடுத்தேன். திருப்பத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை, போகிற பக்கம் முதலில் கண்ணைக் கொண்டுபோ, ஒரு கை இழுக்க மறு கை தள்ளு, நேராகும்போதும் பிடியை விடாதே. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். திருப்பியதும் ஸ்டியரிங்கை அப்படியே விட்டுவிடுவார். வண்டி ரோட்டை விட்டு இறங்கும்.

"ஏலே, அது என்ன ஆட்டுக்குட்டியா? விட்டா தானா பட்டிக்கு வந்து சேர!"

"நீங்க சொல்லுதது புரியுது சார். கைதான் கேக்க மாட்டேங்குது."

அண்ணாச்சி என்று கூப்பிட வேண்டிய மனிதரை ஏலே என்றேன். அதோடு நிற்கவில்லை. மறுபடி விட்டபோது மரஸ்கேலால் புறங்கையில் அடித்தேன். அவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி நடந்தார். மறுநாள் வரவில்லை. எனக்கும் அது பெரிதாகப் படவில்லை.

மூன்றாவது டெஸ்டுக்கு முந்தைய நாள் ஹமத் என்னைக் காலி மைதானத்துக்குக் கூட்டிப்போய், பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, ஒரே மூலையைப் பத்துத் தடவை அவரே திருப்பிக் காட்டினார். பேச்சே இல்லை. இரண்டு விரலால் தன் கண்ணைத் தொட்டு, போகவேண்டிய தடத்தைக் காட்டினார். நான் ஊரில் ஆயிரம் பேருக்குச் சொன்ன அதே பாடம். பிறகு நான் ஓட்டினேன். தப்பாகத் திருப்பினேன். என் கை அவர் பக்கம் இருந்தது. அடி விழும் என்று என்னை அறியாமல் அதை இழுத்துக்கொண்டேன். "ஸதீக்?" என்றார் புரியாமல். நண்பா என்று அர்த்தம். எதற்குப் பயந்தேன் என்று அவருக்கு எந்த மொழியில் சொல்வது?

மறுநாள் தேறினேன். இரண்டு வருஷம் கழித்து லீவில் ஊர் வந்தேன். சிநேகிதர் காரை வாங்கி ஓட்டிய முதல் நாளே, பஸ் ஸ்டாண்ட் பக்கம் மஸ்கட் பழக்கத்தில் வலப்புறம் ஒடுக்கமாகத் திருப்பி எதிரே வந்த பஸ்ஸின் முகத்துக்கு நேரே போய் நின்றேன். "வண்டி ஓட்டத் தெரியுமாய்யா ஒனக்கு?" என்றார் பஸ் டிரைவர். சிநேகிதரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, மறுநாள் பஸ் ஏறிப் புதூர் போனேன்.

மாடசாமி லோடு வண்டி வைத்திருந்தார். மிளகாய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்தார்.

"சார் எப்ப வந்தீய?"

"அண்ணாச்சி, அன்னிக்கு ஒங்கள அடிச்சிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் இன்னொரு மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தார். "எத்தனையோ பேரு ஏசியிருக்காவ, அடிச்சிருக்காவ. இம்புட்டுத் தூரம் வந்து சொன்னது நீங்கதான்." மன்னித்தாரா என்று எனக்கு விளங்கவில்லை. "கோவில்பட்டிக்குத்தான் போறேன், ஏறுங்க" என்றார்.

நான் சுற்றிப்போய் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கை ஸ்டியரிங்கைத் தேடியது. அங்கே டேஷ்போர்டு இருந்தது. கால் வாத்தியாரின் பிரேக்கைத் தேடியது, வெறும் தகரம். மஸ்கட்டில் ஓட்டுகிறவன் உட்காரும் பக்கம், ஊரில் சொல்லிக்கொடுக்கிறவன் உட்காரும் பக்கம், இன்று வழித்துணைக்கு ஏறியவன் பக்கம். மூன்றும் ஒரே சீட்டுதான். மாடசாமி வேகத்தைக் குறைத்து, முதலில் கண்ணைத் திருப்பி, கரிசல் வளைவை அலுங்காமல் வளைத்தார். மூட்டை ஒன்றுகூடச் சாயவில்லை. என் மடியில் கிடந்த கைகள் மட்டும், எந்த ஊர் வண்டியையோ, எதிர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தன.